நாடகத்து ராணிகளும் ஐநூறு குமருகளும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருக்கிறவர்கள் இரவைக்கு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 வரலாற்றுப் பாடம் முடிந்து மணி அடித்த பிறகு ஒரு பிள்ளை வந்து கேட்டாள். "டீச்சர், மாஹம் அங்கா உண்மையிலேயே அவ்வளவு கெட்டவவா?" மாஹம் அங்கா எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. பிள்ளைக்கு அந்தப் பெயர் 'ஜோதா அக்பர்' நாடகத்தில் இருந்து வந்தது. 2013 தொடக்கம் 2015 வரை சீ டிவியில் ஹிந்தியில் ஓடி, தமிழிலும் பேசி, எங்கள் ஊர் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டுப் போன நாடகம். அது ஓடிய காலத்தில் இந்தப் பிள்ளை கைக்குழந்தை. இப்போது கைபேசியில் துண்டு துண்டாகப் பார்க்கிறாள். இதே மாதிரித்தான் துருக்கி நாடகத்து ஹுர்ரம் சுல்தானையும் கோஸெம் சுல்தானையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒல்லாந்தர் எந்த ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள் என்று கேட்டால் வாயைப் பார்ப்பார்கள். (1638, பிள்ளைகளே.)

இந்த நாடகங்களைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு இருக்கிறது. பார்க்கவே கூடாது என்பது ஒன்று. அதை மௌலவிமார் சொல்லட்டும், நான் அதற்குள் போகவில்லை. மற்றது வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. "முஸ்லிம் அரசிகளைக் கேவலப்படுத்துவதற்கென்றே எடுத்த நாடகம். அந்தப் பெண்கள் எல்லோரும் தொழுகையாளிகள், ஸாலிஹான பெண்கள், தர்மவதிகள்." இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. நாடகக்காரர் சொல்வது பாதி என்றால் இதுவும் பாதிதான். அந்தப் பிள்ளைக்கு இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

முதலில் மாஹம் அங்காவை எடுப்போம்.

அக்பர் 1556இல் அரசுக்கு வரும்போது அவருக்கு 13 வயது. அவரைச் சின்ன வயதில் இருந்து பார்த்து வளர்த்த செவிலித்தாய்மாரில் தலைமையானவர் இவர். அரசாங்கத்தை நடத்தியது பைராம் கான். நான்கு வருடத்தில் பைராம் கானுக்கும் வளர்ந்துவரும் அக்பருக்கும் இடையில் விரிசல் வந்தது. அந்த விரிசலைப் பெரிதாக்கியதில் மாஹம் அங்காவுக்கு நல்ல பங்கு உண்டு. 1560இல் பைராம் கான் பதவி இழந்தார். ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வழியில் குஜராத்தின் பட்டன் நகரத்தில் 1561 ஜனவரியில் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் பழைய பகை வைத்திருந்த ஆப்கானியர்கள். அந்தக் கொலையில் மாஹம் அங்காவின் கை இருந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அரண்மனையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அவருடைய மகன் அதம் கான் 1561இல் மாளவத்தைப் பிடிக்கப் போனான். பிடித்தான். பிடித்த இடத்தில் கிடைத்த பொன்னையும் யானைகளையும் அரண்மனைப் பெண்களையும் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டு, பேருக்குக் கொஞ்சத்தை அக்பருக்கு அனுப்பினான். அக்பருக்குக் கோபம் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் படையோடு மகனின் முகாமுக்கே போய்விட்டார். மாஹம் அங்கா பின்னாலேயே ஓடி வந்து சமாதானம் பேசி, மகனிடம் இருந்து எல்லாவற்றையும் வாங்கி ஒப்படைக்க வைத்தார். அங்கேயும் அதம் கான் சும்மா இருக்கவில்லை. ஒப்படைத்த பெண்களில் இரண்டு பேரைத் திரும்பவும் ஆள் வைத்துக் கடத்தி ஒளித்தான். விஷயம் தெரிந்து அக்பர் தேடச் சொன்னார். பிள்ளைகள் இரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள்.

இனி அபுல் பஸ்ல் அக்பர்நாமாவில் எழுதியிருப்பதைச் சொல்கிறேன். உயிரோடு இருந்தால் இவர்கள் அக்பரிடம் நடந்ததைச் சொல்லிவிடுவார்கள், மகனுக்கு ஆபத்து என்று, மாஹம் அங்கா அந்த இரண்டு பெண்பிள்ளைகளையும் கொல்லச் சொன்னார். கொன்றுவிட்டார்கள். அவர்களுடைய பெயர்களைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

நாடகத்தில் மாஹம் அங்கா பெரிய வில்லி. அஷ்வினி கல்சேகர் என்ற நடிகை கண்ணாலேயே நடிப்பார். நூற்றுக்கணக்கான பாகங்களில் ஜோதாவுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வதுதான் அவருக்கு வேலை. ஜோதாவுக்கும் மாஹம் அங்காவுக்கும் இடையில் அப்படி ஒரு போட்டி நடந்ததாக எந்தப் பழைய நூலிலும் இல்லை. அது மாமியார் மருமகள் சண்டை, எங்களுக்குப் பழக்கமான மெகா சீரியல் சண்டை, முகலாய உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

சரி, இன்னொரு பக்கம். டில்லியில் பழைய கோட்டைக்கு முன்னால், றோட்டுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. பெயர் கைருல் மனாஸில். வாசலுக்கு மேலே கல்வெட்டில் கட்டியவரின் பெயர் இருக்கிறது. மாஹம் அங்கா. அந்தக் கல்வெட்டுக் கணக்குக்கு ஹிஜ்ரி 969, அதாவது 1561–62. உள்ளே முற்றத்தைச் சுற்றி மாணவர்கள் தங்கிப் படிக்க அறைகள். பள்ளிவாசலோடு சேர்ந்த மத்ரஸா அது. காலத்தைப் பாருங்கள். மாளவத்தில் அந்த இரண்டு பிள்ளைகளைக் கொன்றதும் ஏழைப் பிள்ளைகள் ஓதுவதற்கு மத்ரஸா எழும்பியதும் ஒரே காலம். ஒரே மனுஷி.

வாட்ஸ்அப் பதிவுக்காரருக்கு மத்ரஸா மட்டும் தெரியும். நாடகக்காரருக்குச் சூழ்ச்சி மட்டும் தெரியும். இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டார்கள். அந்தக் கொலையைப் பற்றி அக்பர் என்ன செய்தார்? அதே அக்பர்நாமா சொல்கிறது, பாதுஷா பொறுத்துக்கொண்டார் என்று. அபுல் பஸ்ல் அதை அக்பரின் பெருந்தன்மைக் கணக்கில் எழுதுகிறார்! அடுத்த வருடம், 1562 மே மாதம், அதே அதம் கான் ஆக்ரா அரண்மனைக்குள் வைத்து அமைச்சர் அத்கா கானைக் குத்திக் கொன்றான். அப்போது அக்பர் தூக்கத்தில் இருந்து எழும்பி வந்து, தன் கையால் முகத்தில் குத்தி, மேல்தளத்தில் இருந்து தூக்கிப் போடச் சொன்னார். போட்டும் உயிர் போகவில்லை என்று திரும்பவும் தூக்கிவந்து போட்டார்கள். அமைச்சர் ஒருவரின் உயிருக்கு இவ்வளவு நீதி. பெயரில்லாத இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் 'பொறுமை'. நாடகத்தில் அக்பர் கடைசிவரை நீதிமான்தான். பாவம் முழுவதும் செவிலித்தாயின் தலையில் இறங்கிவிடும்.

மகன் செத்த நாற்பதாம் நாளளவில் மாஹம் அங்காவும் மௌத்தானார். தாயையும் மகனையும் டில்லி மெஹ்ரோலியில் அடக்கி, அக்பரே அதற்கு மேல் கட்டடம் கட்டினார். இன்றைக்கும் நிற்கிறது.

இனி அந்தக் கறையில்லாத கதாநாயகி ஜோதா. இவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது நாடகத்தில் வருவதை விட மிகவும் குறைவு. ஆம்பேர் அரசர் பார்மலின் மகள். 1562இல் அக்பருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். ஜஹாங்கீரின் தாய். அவருடைய பட்டப்பெயர் மர்யமுஸ் ஸமானி. 'ஜோதா' என்ற பெயர் அக்பர் காலத்து நூல் எதிலும் அவருக்கு இல்லை. பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர். ஜோத்பூரில் இருந்து வந்த இளவரசி உண்மையில் ஜஹாங்கீரின் மனைவி.

ஆனால் அந்த அம்மாவைப் பற்றித் தெரிந்த ஒரு நல்ல விஷயம் நாடகத்துக்குப் பிரயோசனப்படவில்லை. அவர் ஒரு யாவாரி! சொந்தக் கப்பல் வைத்திருந்தார். 'ரஹீமி' என்று பெயர். அந்தக் காலத்தில் செங்கடலுக்குப் போன இந்தியக் கப்பல்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஹாஜிமாரையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போய் வரும். 1613இல் சூரத்துக்குப் பக்கத்தில் போர்த்துக்கேயர் அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய அனுமதிச் சீட்டுக் கையில் இருந்தும் பிடித்தார்கள். பறங்கியரைப் பற்றி எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஜஹாங்கீர் உம்மாவின் கப்பலுக்காகப் போர்த்துக்கேயரின் வியாபாரத்தை நிறுத்தி, ஆக்ராவில் அவர்களின் தேவாலயத்தையும் மூட வைத்தார். இதை நாடகமாக எடுத்தால் நான் முதல் ஆளாக இருந்து பார்ப்பேன். ஆனால் நல்ல பெண் என்றால் அவள் காசு எண்ணக்கூடாது, கப்பல் விடக்கூடாது, பூஜை அறையில் அழ வேண்டும் என்று நாடகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது.

நான் உண்மையில் எழுத வந்தது நூர்ஜஹானைப் பற்றி. 2014இல் எபிக் சனலில் 'சியாசத்' என்று ஒரு நாடகம் வந்தது. இந்து சுந்தரேசன் என்ற எழுத்தாளரின் ஆங்கில நாவலை வைத்து எடுத்தது. அதிலும் இதற்கு முன் வந்த படங்களிலும் நூர்ஜஹான் என்றால் காதல். சலீமும் மெஹ்ருன்னிஸாவும் சின்ன வயதில் புறாவைப் பிடித்த கதை. அந்தப் புறாவெல்லாம் பிற்காலத்துப் புறா.

தெரிந்ததைச் சொல்கிறேன். 1577இல் ஈரானில் இருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்துக்குக் கந்தஹாருக்குப் பக்கத்தில் பிறந்தவர். முதல் கணவர் ஷேர் அஃப்கன் 1607இல் வங்காளத்தில் பர்த்வானில் கொல்லப்பட்டார். கையில் ஒரு பெண்குழந்தை, லாட்லி. 1611இல் ஜஹாங்கீர் மணமுடித்தார். அப்போது அவருக்கு 34 வயது. எங்கள் ஊரில் 34 வயது விதவைக்கு என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு 16 வருடம் அவர்தான் அரசாங்கம் என்று சொன்னால் பெரிய பிழை இல்லை. அவருடைய பெயரில் கட்டளைகள் போயின. நாணயத்தில் ஜஹாங்கீரின் பெயரோடு அவருடைய பெயரும் அடிக்கப்பட்டது. 1617இல் ஒரே நாளில் ஆறு குண்டில் நான்கு புலியைச் சுட்டார் என்று ஜஹாங்கீர் தன் கையால் நினைவுக்குறிப்பில் பெருமையாக எழுதியிருக்கிறார். ஜலந்தருக்குப் பக்கத்தில் வழிப்போக்கர் தங்குவதற்கு ஒரு பெரிய சராய் கட்டினார். ஆக்ராவில் தாய் தகப்பனுக்குக் கட்டிய வெள்ளைப் பளிங்குக் கட்டடம் தாஜ்மஹாலுக்கு முந்தியது.

இனிப் பிழைகள். மறைக்க எதுவும் இல்லை.

ஜஹாங்கீரின் மகன்மாரில் கெட்டிக்காரன் குர்ரம். பின்னால் ஷாஜஹான் ஆனவர். அவருடைய மனைவி மும்தாஜ், நூர்ஜஹானின் நானா ஆசஃப் கானின் மகள். ஆரம்பத்தில் எல்லோரும் ஒரே அணி. ஆனால் குர்ரம் வந்தால் தன் கை போய்விடும் என்று நூர்ஜஹானுக்குத் தெரிந்தது. 1621இல் தன் ஒரே மகள் லாட்லியை ஜஹாங்கீரின் கடைசி மகன் ஷஹ்ரியாருக்குக் கட்டிக்கொடுத்தார். அதற்கு முன் மூத்த மகன் குஸ்ருவுக்குக் கொடுக்கப் பார்த்ததாகவும், குஸ்ரு தன் மனைவியை விட்டு இன்னொருத்தியை எடுக்க மாட்டேன் என்று மறுத்ததாகவும் இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே எழுதியிருக்கிறார். அது ஊர்க்கதையாக இருக்கலாம். லாட்லிக்கு என்ன விருப்பம் என்று ஒருவரும் எழுதவில்லை.

ஷஹ்ரியார் ஒன்றுக்கும் உதவாத ஆள். அவரை அரசனாக்க, குர்ரம் கேட்டிருந்த தோல்பூர் ஜாகீரை ஷஹ்ரியாருக்குக் கொடுக்கப் போய், இரண்டு பேரின் ஆட்களும் வெட்டிக்கொண்டார்கள். ஈரானியப் படை கந்தஹாரை வளைத்திருந்த நேரம் அது. குர்ரமைப் படையோடு போகச் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்ற பயத்தில் அவர் போகவில்லை. 1622இல் கந்தஹார் கையை விட்டுப் போனது. பிறகு குர்ரம் கலகம் செய்தார். நாட்டுக்கு நாலைந்து வருடம் நிம்மதி இல்லை. இதில் நூர்ஜஹானின் பங்கு சின்னது அல்ல. மருமகனுக்காக ராஜ்யத்தை ஆட்டிவிட்டார்.

1626 மார்ச்சில் ஜேலம் ஆற்றங்கரையில் நடந்ததைப் பாருங்கள். படை ஆற்றைக் கடந்து போய்விட்டது. ஜஹாங்கீர் இந்தக் கரையில் கொஞ்சப் பேரோடு நின்றார். மஹாபத் கான் என்ற தளபதி ராஜபுத்திர வீரர்களோடு வந்து பாதுஷாவையே சிறைபிடித்துவிட்டான். நூர்ஜஹான் எப்படியோ அந்தக் கரைக்குத் தப்பிப் போனார். அங்கே போய்ப் பிரபுக்களைக் கூட்டி, அரசனை விட்டுவிட்டு வந்தீர்களே என்று ஏசினார். அடுத்த நாள் யானையில் ஏறித் தானே ஆற்றுக்குள் இறங்கினார். மடியில் லாட்லியின் கைக்குழந்தை. குழந்தையைப் பார்க்கிற பெண்ணின் கையில் அம்பு பாய்ந்தது. நூர்ஜஹான் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு யானையை ஓட்டச் சொன்னார். சண்டை தோற்றது. தோற்ற பிறகு ஓடவில்லை. தானாகப் போய்க் கணவரோடு சிறையில் இருந்தார். உள்ளே இருந்துகொண்டே ஆட்களைச் சேர்த்து, அந்த வருடமே மஹாபத் கானை ஓட வைத்தார். ஐம்பதை நெருங்கிய ஒரு மூத்தம்மா!

இடையில் ஒரு வார்த்தை. அதே 1626ஐ எங்கள் ஆட்கள் மறக்கக்கூடாது. மேற்குக் கரையில் இருந்து போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களில் நாலாயிரம் பேரைக் கண்டி அரசன் செனரத் மட்டக்களப்புப் பக்கத்தில் குடியேற்றியதாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேரோஸ் எழுதிய வருடம் அது. நூர்ஜஹான் ஜேலம் ஆற்றுக்குள் இறங்கிய அதே காலத்தில் எங்கள் மூத்தம்மாமார் சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இந்த வாவிக்கரைக்கு வந்திருக்கிறார்கள். நாலாயிரம் என்று எண்ணிக்கை இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரும் இல்லை.

1627 கடைசியில் ஜஹாங்கீர் மௌத்தானார். ஆசஃப் கான் தன் தங்கச்சியைக் காவலில் வைத்தார். தன் மருமகன் குர்ரம் வந்து சேரும்வரை இடத்தைப் பிடித்து வைப்பதற்கு, குஸ்ருவின் மகன் தாவர் பக்ஷை அரசன் என்று அறிவித்தார். ஷஹ்ரியாரைத் தோற்கடித்துக் கண்ணைப் பிடுங்கினார்கள். 1628 தொடக்கத்தில் குர்ரமின் கட்டளை வந்தது. ஷஹ்ரியார், இடத்துக்கு வைத்த தாவர் பக்ஷ், அவருடைய தம்பி, சிறிய தந்தையின் மகன்மார் இரண்டு பேர் என்று ஐந்து இளவரசர்களைக் கொன்றார்கள். மூத்தவர் குஸ்ரு அதற்கு ஆறு வருடத்துக்கு முன்பே குர்ரமின் காவலில் புர்ஹான்பூரில் இறந்திருந்தார். வயிற்று வலி என்று தகப்பனுக்கு எழுதினார்கள்.

இப்போது யோசியுங்கள். ஷாஜஹான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தாஜ்மஹால். காதல். கல்யாண அட்டையில்கூடப் போடுகிறார்கள். நூர்ஜஹான் என்று சொன்னால்? சூழ்ச்சிக்காரி. புருஷனை மயக்கி, அபினும் மதுவும் கொடுத்து ஆட்சியைப் பிடித்தவள். (ஜஹாங்கீர் 18 வயதில் இருந்து குடித்ததைத் தானே எழுதி வைத்திருக்கிறார். நூர்ஜஹான் வந்த பிறகு குறைந்ததாகத்தான் இருக்கிறது.) குடும்பத்து ஆண்களைக் கொன்று அரசுக்கு வந்தவர் காதலர். அதே ஆட்டத்தை ஆடித் தோற்றவள் சூனியக்காரி.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது, ஒரு செய்தி வந்தால் யார் சொன்னார், எப்போது சொன்னார், சொன்னவருக்கு அதில் என்ன இலாபம் என்று கேளுங்கள் என்பதுதான். இது எங்களுக்குப் புதிது அல்ல. ஹதீஸுக்கு இஸ்னாத் பார்த்த சமூகம் நாடகத்துக்கு மட்டும் ஏன் கண்ணை மூடுகிறது? நூர்ஜஹானின் கதையை நாங்கள் பெரும்பாலும் முஃதமத் கானின் நூலில் இருந்து எடுக்கிறோம். ஜஹாங்கீரின் அரண்மனையில் வேலை செய்த மனிதர். நூலை முடித்தது ஷாஜஹானின் ஆட்சியில். நூர்ஜஹானை உயர்த்தி எழுதினால் தலை தப்பாத காலம். அவர் திட்டியிருப்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் வாசிக்க வேண்டும்.

ஆனால் அதே மனிதர், அதே நூலில், ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறார். வசதியில்லாத பெண்பிள்ளைகளுக்கு நூர்ஜஹான் தன் சொந்தக் காசில் கல்யாணம் செய்து வைத்தார். தன் ஆயுளில் ஐநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் செய்திருப்பார் என்று எழுதுகிறார். எதிர் முகாமில் இருந்து வந்த சாட்சி என்பதால் இதை நான் நம்புகிறேன்.

ஐநூறு குமர்! எங்கள் ஊரில் ஒரு குமரைக் கரைசேர்க்க ஒரு வாப்பா மத்திய கிழக்கில் எத்தனை வருடம் வெயில் குடிக்கிறார், ஒரு உம்மா எத்தனை வீட்டில் இடியப்பம் அவிக்கிறா என்று தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கையின் பாரம் விளங்கும். வீடு கட்டாமல் மாப்பிள்ளை இல்லை என்கிற இந்த வாவிக்கரையில் அதைச் செய்தவளை ஒரு ஊரே தூக்கி வைக்கும். நாடகத்தில் அந்த ஐநூறு பிள்ளைகளில் ஒருத்தியும் வரவில்லை. ஐநூறு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தவள் தன் மகளின் கல்யாணத்தை மட்டும் அரசியலாக்கினாள் என்பது எவ்வளவு பெரிய நாடகம்! அதை எடுக்க ஆளில்லை.

துருக்கி நாடகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்கே ஒரு தனிப் பதிவு வேண்டும். 2011 தொடக்கம் 2014 வரை வந்த அந்தச் சுலைமான் நாடகத்தில் ஹுர்ரம் சுல்தான் சிரித்துக்கொண்டே ஆட்களை ஒழிப்பார். துருக்கியிலேயே பல்லாயிரம் முறைப்பாடுகள் போயின. 2012இல் எர்துகான்கூட, சுல்தான் வாழ்க்கையைக் குதிரை மேல் கழித்தவர், இவர்கள் காட்டுவது போல அந்தப்புரத்தில் அல்ல என்று மேடையில் கோபப்பட்டார். அவருக்கும் சுல்தானின் மரியாதைதான் கவலை.

ஹுர்ரம் இன்றைய உக்ரைன் பக்கத்தில் இருந்து தாத்தாரியர் பிடித்து விற்ற அடிமைப் பெண். மற்றவளின் மகன் முஸ்தஃபா சுல்தானாக வந்தால் தன் மகன்மார் அத்தனை பேரும் கொல்லப்படலாம் என்பது அவருக்குத் தெரியும். சகோதரர்களைக் கொல்வதை அந்த அரசே வழமையாக்கி வைத்திருந்தது. 1553இல் முஸ்தஃபா கொல்லப்பட்டார். ஹுர்ரமும் மருமகன் ருஸ்தம் பாஷாவும் தூண்டினார்கள் என்று அந்தக் காலத்திலேயே பேசினார்கள், நானும் அவர்கள் சுத்தம் என்று சொல்லவில்லை. ஆனால் தன் மகனைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டுக் கழுத்தை நெரிக்கச் சொன்னது தகப்பன் சுலைமான். அதே ஹுர்ரம் 1550களில் ஜெருசலேமில் ஏழைகளுக்குச் சாப்பாடு போட வக்பு செய்த தக்கியா இன்றுவரை சோறு போடுகிறது. ரமழானில் போய்ப் பார்த்தால் வரிசை நிற்கும்.

முஸ்லிம் அரசிகளுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். எங்கள் நாட்டில் அனுலா இருக்கிறா. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் ஆண்ட அரசி. ஒருவர் பின் ஒருவராகக் கணவர்மாருக்கு நஞ்சு கொடுத்தா என்று மகாவம்சம் வரிசையாகச் சொல்கிறது. காவல்காரன், தமிழ்த் தச்சன், விறகு சுமந்தவன், புரோகிதப் பிராமணன் என்று அவர்களின் தொழிலையும் சேர்த்துச் சொல்கிறது. கொலையை விட அந்தத் தொழில்கள்தான் எழுதியவரை அதிகம் உறுத்தியதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மகாவம்சத்தை எழுதியவர் அனுலா செத்து ஐநூறு வருடத்துக்குப் பின்னால் இருந்தவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? எங்கள் பக்கத்தில் வீட்டு உறுதி பெண்பிள்ளையின் பெயரில். மாப்பிள்ளைதான் வந்து குடியிருக்கிறார். குடி வழி தாய் வழியாக வருகிறது. பள்ளிவாசல் மரைக்காயர் எந்தக் குடி என்று கேட்டால் உம்மாவின் குடியைத்தான் சொல்வார். வெளியூர் முஸ்லிம்கள் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். அப்படி இருந்தும் குடும்பத்தில் காணிப் பிரச்சினை ஒன்று வந்தால், நானாவும் தம்பியும் கோடு ஏறினால், பேச்சு எப்படி வருகிறது? "அவன் நல்லவன், அவதான் சொல்லிக் கொடுத்திருப்பா." கையெழுத்துப் போட்டவன் அவன். வழக்குப் பேசியவன் அவன். பாவம் மட்டும் அவளுக்கு. அக்பருக்கும் சுலைமானுக்கும் நாடகக்காரர் பார்த்த அதே நியாயம். வகுப்பில் இருக்கிற பெண்பிள்ளைகள் வீட்டில் இதைக் கேட்டுவிட்டு, டிவியிலும் இதைப் பார்த்துவிட்டு வந்து, மாணவர் தலைவி வேலைக்குப் பெயர் கொடுக்கப் பயப்படுகிறார்கள். "கதைப்பாங்க டீச்சர்" என்கிறார்கள்.

அவர்களுக்கு ஸாலிஹான அரசிகளின் கதையை மட்டும் சொன்னால், ஒரு பிழை விட்டவுடன் தாங்கள் அந்தக் கதைக்குள் இல்லை என்று நினைப்பார்கள். பிழை விட்டவளும் பள்ளி கட்டினாள், பள்ளி கட்டியவளும் பிழை விட்டாள், அவளுடைய பிழைக்கு அவள் பொறுப்பு, பாதுஷாவின் பிழைக்குப் பாதுஷா பொறுப்பு என்று சொல்லிக் கொடுக்கத்தான் எனக்கு விருப்பம். அந்தத் தரம் 10 பிள்ளைக்கு இதைத்தான் சொன்னேன். "அப்போ அந்த ரெண்டு பேரையும் பற்றி ஏன் நாடகம் எடுக்கல்ல?" என்று கேட்டாள். மாளவத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைத்தான் கேட்டாள். பதில் என்னிடம் இல்லை.

நூர்ஜஹான் தோற்ற பிறகு 18 வருடம் லாகூரில் இருந்தார். வருடத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாய் உதவிப்பணம் கொடுத்தார்கள். விதவையான மகளும் கூடவே இருந்தார். 1645இல் மௌத்தாகி, ஷாஹ்தராவில் தானே கட்டி வைத்த இடத்தில் அடங்கினார். லாட்லியும் அங்கேதான் பக்கத்தில்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் மையவாடிக்கும் காணி கொடுத்தவர்களில் பெண்கள் பலர் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பெயர் கேட்டால் "இன்னாரின் உம்மா" என்பார்கள். உங்கள் வீட்டில் பழைய காணி உறுதி, வக்புக் கடிதம், பெட்டிக்குள் கறையான் அரிக்காமல் ஏதாவது மிஞ்சியிருந்தால், பெண்ணின் பெயர் இருக்கிற பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். மூத்தம்மாமார் உயிரோடு இருக்கிறவர்கள் அவர்களிடம் கேட்டு எழுதியும் அனுப்பலாம். கொடுத்ததை மட்டும் அல்ல, அவ யாரோடு சண்டை பிடித்தா, யாரோடு பேசாமல் இருந்து மௌத்தானா என்பதையும், குடும்பத்தில் விருப்பம் என்றால், சேர்த்து எழுதுங்கள்.